லித்தியம் கார்பனேட்: அண்ணன் சாப்பிட்ட மாத்திரையும் குறிச்சி பேட்டரியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியை ஆற்றிக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். குறிச்சி சிட்கோவில் ஷெட் பிடித்து, ஸ்கூட்டருக்கும் சோலாருக்கும் பேட்டரி பேக் கோர்த்துக் கொடுக்கிறான். ப்ளஸ் டூவில் வேதியியல் என்றாலே கடைசி பெஞ்சுக்குப் போனவன். "ஏனுங்க சார், லித்தியம் கார்பனேட் விலை ஏறுது இறங்குதுன்னு செல் விக்கறவங்க சொல்றாங்க. கார்பனேட்டுன்னா நம்ம சலவைச் சோடா மாதிரிதானுங்க? அதுக்குப் போயி எதுக்குங்க இத்தனை விலை?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. 2022 நவம்பரில் சீனச் சந்தையில் இந்த வெள்ளைத் தூள் டன் 6 லட்சம் யுவானை நெருங்கியது. நம் பணத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அடுத்த வருடக் கடைசியில் டன் 1 லட்சம் யுவான் அளவுக்கு விழுந்தது. தக்காளிகூட அப்படி விழுந்ததில்லை.

போனில் ஏதோ பதில் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பெயரை நான் முதலில் கவனித்தது பேட்டரியில் அல்ல, என் பெரியம்மா மகனின் மாத்திரைப் பட்டையில். அண்ணன் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு, "எழுதுங்க, நாலு பேருக்குப் புரியட்டும்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாடம். என்ன செய்வது, வாத்தியார் புத்தி.

1817இல் ஸ்வீடனில், பெர்சீலியஸ் என்ற பெரிய வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர் பெட்டலைட் என்ற கல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார். உட்டோ என்ற தீவில் கிடைத்த கல். அதில் சிலிக்கா இத்தனை, அலுமினா இத்தனை என்று எடை போட்டுக் கூட்டினால் கணக்கு ஒத்துவரவில்லை. மிச்சமிருந்த காரப்பொருளை சோடியம் என்று வைத்தாலும் சரிப்படவில்லை, பொட்டாசியம் என்று வைத்தாலும் சரிப்படவில்லை. நம் பையன்களாக இருந்தால் ரெக்கார்டு நோட்டில் எண்ணைத் திருத்தி நூறு ஆக்கியிருப்பார்கள். (எத்தனை பேர் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.) ஆர்ஃப்வெட்சன் திருத்தவில்லை. இது நாம் அறியாத ஒரு புதுக் காரத் தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். கல்லிலிருந்து வந்ததால், கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும் லித்தோஸ் என்ற சொல்லை வைத்து லித்தியம் என்று பெயர் வந்தது.

அது புதியது என்பதற்கு அவர் கண்ட அடையாளங்களில் ஒன்று அதன் கார்பனேட். சோடியம் கார்பனேட் தண்ணீரில் தாராளமாகக் கரையும், பொட்டாசியம் கார்பனேட் இன்னும் தாராளம். இது மட்டும் கரையாமல் முரண்டு பிடித்தது. குறிச்சிக்காரனே, சலவைச் சோடாவுக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் அங்கேயே வந்துவிட்டது.

அடுத்த வருடம் 1818இல் க்மெலின் என்ற ஜெர்மானியர் லித்தியம் உப்புகளைச் சுடரில் காட்டியபோது சுடர் செக்கச்செவேலென்று மாறியது. நம் ஆய்வகத்தில் வாட்ச் கிளாஸில் உப்பைப் போட்டு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து பர்னரில் காட்டுவோமே, அதே சோதனைதான். நம் சால்ட் அனாலிசிஸில் லித்தியம் வராது, சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம் என்று எழுதிவிட்டுப் போவீர்கள். ஆனால் அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்ன பாட்டிலில் லித்தியம் கார்பனேட் வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒரு தடவை, கடைசி பிராக்டிகல் வகுப்பில், ஜன்னலைச் சாத்திவிட்டு அதைக் காட்டுவேன். 1985, 86 பேட்ச்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சிவப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இந்த உப்பின் குணங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சர்க்கரையோ உப்போ சுடுதண்ணீரில் கூடுதலாகக் கரையும் என்பது அடுப்படியில் எல்லோரும் அறிந்தது. இது நேர்மாறு. 0 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் 1.5 கிராம் போலக் கரையும். கொதிக்கிற தண்ணீரில் 0.7 கிராம்தான். சூடு ஏற ஏறக் கரைவது குறைகிறது. அதனால் இதை வீழ்படிவாக எடுக்க வேண்டுமானால் கரைசலைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். கழுவுவதும் சுடுதண்ணீரில்தான். பச்சைத் தண்ணீரில் கழுவினால் சரக்கு பாதி சாக்கடையில் போய்விடும்.

இன்னொன்று. லித்தியம் முதல் தொகுதியில் உட்கார்ந்திருந்தாலும் நடத்தையெல்லாம் பக்கத்துத் தொகுதி மெக்னீசியம் மாதிரி. 'மூலைவிட்டத் தொடர்பு' என்று ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்தீர்களே, அதுதான். சோடியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் உருகுமே தவிர எளிதில் பிரியாது. லித்தியம் கார்பனேட் 723 டிகிரியில் உருகி, மேலும் சூடாக்கினால் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும், மெக்னீசியம் கார்பனேட் போல. லித்தியம் குளோரைடைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தண்ணீராகிவிடும். கார்பனேட் அப்படி இல்லை, சாக்பீஸ் தூள் மாதிரி காய்ந்தபடி இருக்கும். எடை போடலாம், மூட்டை கட்டலாம், மாத்திரையாக அடிக்கலாம். மருந்துக்கும் தொழிலுக்கும் இந்த உப்பே வாகாகிப் போனதற்கு இந்தச் சாதுத்தனம் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

எப்படிச் செய்கிறார்கள்? இரண்டு வழி.

ஒன்று கல் வழி. ஸ்போடுமீன் என்ற கல்லில் லித்தியம், அலுமினியம், சிலிக்கான் மூன்றும் பின்னிக் கிடக்கும். அப்படியே அமிலத்தில் போட்டால் அசையாது. 1000 டிகிரிக்கு மேல் சூளையில் வறுக்க வேண்டும். வறுத்தால் அதன் படிக அமைப்பே மாறி, நெல் பொரிகிற மாதிரி, கன அளவு ஏறத்தாழ 30 சதவீதம் பெருத்துவிடும். பொரிந்த கல்லைப் பொடித்து, கந்தக அமிலம் கலந்து 250 டிகிரியில் மறுபடி சூடாக்கினால் லித்தியம் சல்பேட்டாகிறது. தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி, இரும்பு, அலுமினியம், மெக்னீசியம், கால்சியம் எல்லாவற்றையும் நீக்கி, கடைசியில் சூடான கரைசலில் சலவைச் சோடாவைச் சேர்க்கிறார்கள். வெள்ளையாக லித்தியம் கார்பனேட் இறங்குகிறது. ஆக, சலவைச் சோடாதான் வேலைக்காரன். அவன் கூலி கொஞ்சம்தான், செலவெல்லாம் அதற்கு முன்னால்.

மற்றொன்று உப்பள வழி. தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ பாத்தி கட்டிக் கடல்நீரைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் பூமிக்கடியிலிருந்து உவர்நீரை இறைத்து அதே மாதிரி பாத்திகளில் விடுகிறார்கள். முதலில் சாப்பாட்டு உப்பு இறங்கும், அப்புறம் பொட்டாசியம் உப்புகள். கடைசியில் எஞ்சும் நீரில் லித்தியம் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் வெயிலில் கிடக்க வேண்டும். அங்கும் கடைசிப் படி சலவைச் சோடாதான். நம் கடலிலும் லித்தியம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆயிரம் லிட்டருக்கு கால் கிராம்கூட இல்லை. போதாததற்கு மெக்னீசியம் ஏராளம். குணத்தில் ஒன்றாக இருக்கும் இருவரைப் பிரிப்பது எவ்வளவு சிரமம் என்பது நம் வீட்டுப் பங்காளிகளைப் பார்த்தாலே தெரியும்.

பேட்டரிக்கு வேண்டிய தூய்மைக்கு இன்னொரு உபாயம். தூளைத் தண்ணீரில் கலக்கி கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பைகார்பனேட்டாகிக் கரைந்துவிடும். அழுக்கை வடிகட்டிவிட்டுச் சூடாக்கினால் கார்பனேட் மறுபடி இறங்கும். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதிக் காட்டிய பாடத்தின் அண்ணன்தம்பி இது.

நூறு கிராம் லித்தியம் கார்பனேட்டில் லித்தியம் 18.8 கிராம். மூலக்கூறு எடை 73.9 வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது மருந்துக் கதை.

19ஆம் நூற்றாண்டில் கீல்வாதத்துக்கு யூரிக் அமிலமே காரணம், லித்தியம் உப்பு அதைக் கரைக்கும் என்று நம்பினார்கள். சோதனைக் குழாயில் கரைந்தது உண்மை, உடம்புக்குள் அது நடக்கவில்லை. ஆனாலும் 'லித்தியம் தண்ணீர்' நோய்தீர்க்கும் பானமாக விற்றது. இன்று கடையில் குடிக்கிறீர்களே செவன் அப், அது 1929இல் அமெரிக்காவில் அறிமுகமானபோது அதில் லித்தியம் சிட்ரேட் இருந்தது. 1948 வரை இருந்தது.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சாங்கி முகாமில் மூன்றரை வருடம் கைதியாகக் கிடந்தவர். திரும்பி வந்து மெல்போர்ன் அருகே மனநல மருத்துவமனையில் வேலை. மனக்கொதிப்பு நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கிறது என்பது அவர் ஊகம். கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். யூரிக் அமிலம் எளிதில் கரையாததால், நன்றாகக் கரையும் லித்தியம் யூரேட்டைப் பயன்படுத்தினார். துள்ளித் திரிய வேண்டிய பிராணிகள் சாதுவாகிவிட்டன. யூரேட்டை விட்டு லித்தியம் கார்பனேட் மட்டும் கொடுத்தாலும் அதே அமைதி. ஊகம் தப்பு, கண்டது சரி. முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, 1948இல் பல வருடம் கொந்தளிப்பில் இருந்த ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். சில மாதத்தில் அவர் வீட்டுக்குப் போய் வேலையும் பார்க்கத் தொடங்கினார். 1949 செப்டம்பரில் கேட் பத்து நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் சுபம். அந்த முதல் நோயாளி இடையில் மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தபோது உடம்பில் நச்சாகி 1950இல் இறந்துபோனார். அமெரிக்காவில் இதயநோயாளிகளுக்கு சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்று, 1949இல் சிலர் இறந்து, அது தடைசெய்யப்பட்டது. இந்த மருந்தின் குணப்படுத்தும் அளவும் கொல்லும் அளவும் பக்கத்து வீடுகள். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷௌ என்பவர் 1954 முதல் முறைப்படி சோதித்து அளவுகளை நிலைநாட்டினார். அவருடைய உடன்பிறந்தவருக்கே அந்த நோய் இருந்தது. அமெரிக்கா 1970இல்தான் அனுமதித்தது. மூளைக்குள் இது சரியாக என்ன செய்கிறது என்பதில் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குள் முடிவான ஒருமித்த கருத்து இல்லை.

எங்கள் அண்ணனுக்கு வருவோம். ரயில்வேயில் வேலை, போத்தனூர் காலனியில் குவார்ட்டர்ஸ். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். எழுபதுகளின் கடைசியில் திடீரென்று மூன்று நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார். சம்பளத்தையெல்லாம் வாரி விட்டார், சைக்கிளில் பாலக்காடு வரை போய்விட்டார். அப்புறம் மூன்று மாதம் கட்டிலை விட்டு எழவில்லை. பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள். எங்காவது கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு வைத்தால் சரியாகும் என்று சொன்ன சொந்தக்காரர்களும் உண்டு. அண்ணி மசியவில்லை. பத்தாவது வரை படித்த அம்மிணி, தாலிக்கொடியை அடகு வைத்து கோயமுத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். லித்தியம் கார்பனேட் ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் அண்ணன் வேலைக்குப் போனார்.

பின்னால், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த செய்தி வந்தது. அன்று அண்ணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை.

1986 கோடை. அண்ணனுக்கு ரத்த அழுத்தம், உப்பைக் குறை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் பத்து நாள் போட்டிருக்கிறார். சித்திரை வெயில், இடையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. நான் போனபோது கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது, நடந்தால் தள்ளாட்டம். "பழைய நோய் திரும்பிருச்சுங்க தம்பி" என்றார் அண்ணி. மாத்திரையை ஒன்று கூட்டிக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு. நானும் தலையாட்டினேன். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த நான்!

நல்லவேளை, அண்ணி மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டார். "மாத்திரையை உடனே நிறுத்துங்க, இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார் அவர். ரத்தம் எடுத்தார்கள். லிட்டருக்கு 0.6இலிருந்து 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 2ஐத் தாண்டியிருந்தது. நரம்பில் சலைன் ஏற்றி, ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஏன் ஏறியது? சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஒரே சாடை. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். அண்ணனுக்கு எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டது.

மருத்துவமனையில் இருந்தபோது, ரத்தத்தில் எப்படி அளந்தீர்கள் என்று ஆய்வகப் பையனிடம் கேட்டேன். கூட்டிப்போய்க் காட்டினான். ஃப்ளேம் போட்டோமீட்டர். ரத்தத்தின் தெளிநீரை நீர்த்துச் சுடரில் தெளித்தால் சுடர் சிவக்கும். 670.8 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்தச் சிவப்பு எத்தனை என்று கருவி அளக்கும். சிவப்பு கூடினால் லித்தியம் கூட. 1818இல் க்மெலின் பார்த்த சிவப்பு, வருடாவருடம் உங்களுக்கு ஜன்னலைச் சாத்திக் காட்டிய சிவப்பு. வேடிக்கை என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே அந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்தால், என் பதிவைப் படித்துவிட்டுக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை, வெயில் காலத்தில் போதிய தண்ணீர், உப்பைத் திடீரென்று குறைக்காமல் இருப்பது, எந்த மருந்துக்கடையிலும் "நான் லித்தியம் சாப்பிடறேன்" என்று கூச்சமில்லாமல் சொல்வது. நடுக்கம், குழறல், தள்ளாட்டம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அண்ணன் அதன்பிறகு பல வருடம் நன்றாக இருந்து, ஓய்வு பெற்று, பேரனுக்குக் கையெழுத்துப் பழக்கிவிட்டுப் போனார்.

இனி பேட்டரி. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இந்த விஷயத்தில் குறிச்சிக்காரன்தான் எனக்கு வாத்தியார்.

லித்தியம் அயனி பேட்டரியை சோனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு. நேர்முனைக்கான பொருளைச் செய்ய, லித்தியம் கார்பனேட்டைக் கோபால்ட் ஆக்சைடு போன்றவற்றோடு கலந்து 800, 900 டிகிரியில் சுடுகிறார்கள். ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றுக்கு இரண்டு கிலோ கார்பனேட் போலத் தேவைப்படும்.

நம் மாநிலத்தில் இந்த வேலைக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது, காரைக்குடியில். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே கோபுகுமார் தலைமையிலான குழு உள்நாட்டு முறையில் லித்தியம் அயனி செல் செய்தது. அந்தத் தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனத்துக்குக் கைமாற்ற 2018 ஜூனில் ஒப்பந்தம் போட்டார்கள். நம் கோவையில் 2008இலேயே ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் மின்வண்டி நிறுவனத்தைத் தொடங்கியது உங்களுக்கெல்லாம் தெரிந்ததே.

ஆனால் தூள்? அது வெளியிலிருந்துதான் வருகிறது. திம்பம் ஏறி சாம்ராஜ்நகர், மைசூர் வழியே போனால் மாண்டியா மாவட்டம் மார்லகல்லா. அங்கே பாறையில் 1,600 டன் லித்தியம் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் என்று அறிவிப்பு வந்ததும் வாட்ஸ்அப்பில் எல்லோரும் வெடி வெடித்தீர்கள். அது ஆரம்பநிலை ஊகக் கணக்கு. கல்லைச் சூளையில் பொரித்து, அமிலத்தில் கரைத்து, சுடுதண்ணீரில் கழுவித் தூளாக்கும் வரை அது கல்தான். 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்காவில் ஐந்து உவர்நிலத் தொகுதிகளுக்கு நம் அரசு நிறுவனமான கபில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அதை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

(ஆமணக்கு போட்டவர்களுக்கு ஓர் உபரித் தகவல்: ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் அமிலத்தோடு லித்தியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துச் செய்வதுதான் லித்தியம் கிரீஸ். தண்ணீருக்கும் அசையாது, சூட்டுக்கும் அசையாது. நம்ம ஊர் மோட்டார் பேரிங்குகளில் பூசுகிறோமே, அதுதான்.)

குறிச்சிக்காரனுக்கு: ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. அந்தச் சின்ன பாட்டில் ஓய்வு பெறும்போது தலைமையாசிரியர் அனுமதியோடு என்னிடமே வந்துவிட்டது. கேஸ் அடுப்பில் காட்டலாம். உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, அவள் ப்ளஸ் ஒன்னில் வேதியியல் எடுத்திருக்கிறாள் என்றாயே.